வழுவாத முறை: திருக்கோணமலை வரலாறு தரும் பாடம்

ஈழத்துத் தமிழூர்களிலே வாலிபர் சங்கம் இல்லாத ஊரைக் காண்டல் அரிது. சங்கம் ஒன்று தோன்றும்போது உண்டாகும் ஊக்கமும் அளவிடற்கரியது. தலைவர், காரியதரிசி, தனாதிகாரி முதலானோர் தெரிவுசெய்யப்படுவர், யாப்பு எழுதப்படும், இறப்பர் முத்திரை ஒன்று செய்விக்கப்படும், முதலாம் ஆண்டு விழாவுக்கு வாழையும் தோரணமும் கட்டப்படும். இரண்டாம் ஆண்டிலே கூட்டத்திற்கு வருவோர் தொகை பாதியாகும். மூன்றாம் ஆண்டிலே அறிக்கைப் புத்தகத்தில் வெற்றுத் தாள்களே மிஞ்சும். நாலாம் ஆண்டில் அச்சங்கத்தின் சொத்தாக எஞ்சியிருப்பது அந்த முத்திரை ஒன்றே எனின் அது மிகையாகாது.

இவ்வாறு மறைந்த சங்கங்களைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. ஆனால் ஆண்டு மலர் ஒன்றினை வெளியிட்டு மகிழும் இவ்வேளையில், தொடங்கியதைத் தொடர்ந்து செய்தல் ஏன் இத்துணை அரிதாயிற்று என்பதையும், அதனை எளிதாக்கும் வழி யாது என்பதையும் சிறிது ஆராய்வது எமக்கெல்லாம் பயன்தரும் என்று கருதுகின்றோம். அவ்வாராய்ச்சிக்கு நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. காலையிற் கண்விழித்ததும் கடற்கரைப் பக்கம் நோக்கினால் எமக்கு முன்னே நிற்பது சுவாமிமலை. அந்த மலையின் வரலாறே எமக்கு வேண்டிய பாடத்தை வைத்திருக்கின்றது.

திருக்கோணேசுவரத்தின் பழைமையை எடுத்துரைக்காத மலர் எமது ஊரில் வெளிவந்ததில்லை. ஆகவே அதனை ஈண்டு விரித்துரையாது சுருங்கக் கூறுவோம். கி.பி. 7ஆம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் இத்தலத்தின்மேற் பதிகம் பாடியுள்ளார். தேவாரப் பாடல் பெற்ற தலங்களுள் ஈழத்திலுள்ளவை இரண்டே. ஒன்று மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம், மற்றையது எமது கோணமலை. 13ஆம் நூற்றாண்டிலே பாண்டியரின் ஆணை இம்மலை வரையும் வந்தது. அவர்தம் இரட்டைக் கயற் சின்னம் இன்றும் கோட்டை வாயிற் கல்லிலே காணப்படுகின்றது. கோயிலைக் கட்டியவன் குளக்கோட்டன் என்பது ஊர் மரபு. கந்தளாய்க் குளத்தையும் அவனே கட்டுவித்தான் என்று அம்மரபு கூறும். இவையெல்லாம் எமது பெருமைகள். ஆயினும் நாம் இன்று பேசப் புகுந்தது இப்பெருமைகளைப் பற்றியன்று. இவையெல்லாம் போனபின்னர் நிகழ்ந்தவற்றைப் பற்றியே.

1620களிலே போர்த்துக்கேயத் தளபதியாகிய கொன்ஸ்தந்தீனு த சா என்பவனின் காலத்தில் கோணேசர் ஆலயம் இடித்துத் தள்ளப்பட்டது. மலையுச்சியிலும், இடையிலும், அடியிலுமாக நின்ற கோயில்கள் அழிந்தன. தூண்களும் சிகரக் கற்களும் கடலிலே விழுந்தன. எஞ்சிய கற்கள் கோட்டை மதிலுக்கு உதவின. இன்று நாம் பிரெட்றிக் கோட்டை என்று அழைக்கும் கோட்டையின் வாயிலால் நுழையும்போது, ஒரு காலத்தில் கருவறையைத் தாங்கிய கற்களினூடாகவே நுழைகின்றோம் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

போர்த்துக்கேயரும் நெடுநாள் இருந்திலர். 1639இலே ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து கோட்டையைக் கைப்பற்றினர். பிரெஞ்சுக்காரர் 1672இலும் 1782இலும் வந்து எமது துறைமுகத்திற் சில காலம் கொடி நாட்டிச் சென்றனர். 1795இலே ஆங்கிலேயர் வந்தனர். உலகத்துச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எமது ஊருக்கு வாய்த்தமையால், கடலாண்ட வல்லரசு ஒவ்வொன்றும் இதனைத் தனதாக்க முயன்றது. வந்த ஒவ்வொருவருக்கும் அம்மலை ஒரு காவலரண். பீரங்கி வைப்பதற்கேற்ற மேடை. மலையுச்சியிலே பழைய கோயிற்றூண் ஒன்றில் ஒல்லாந்தப் பெண்மணி ஒருத்தியின் பெயரும் 1687 என்னும் ஆண்டும் வெட்டப்பட்டுள்ளன. கோயில் இருந்த இடமென்பதையே மறக்கச் செய்வதற்கு இவற்றினும் வேறு என்ன வேண்டும்?

1620கள் முதல், புதிய ஆலயத்திற்குக் குடமுழுக்கு நிகழ்ந்த 1963 வரை, ஏறக்குறைய 340 ஆண்டுகள் அம்மலையிலே பழைய பெருங்கோயில் இல்லை. ஒரு தலைமுறைக்கு 30 ஆண்டு என்று கணக்கிட்டால் பதினொரு தலைமுறை. பாட்டனின் பாட்டனும் அக்கோயிலைக் கண்டதில்லை என்று சொல்லக்கூடிய காலம் வந்து, அக்காலமும் கடந்து போயிற்று. அவ்வாறிருக்க, அது கோணேசர் மலை என்னும் நினைவு எவ்வாறு அழியாது நின்றது? இதுவே நாம் கேட்கவேண்டிய வினா.

இவ்வினாவுக்கு முதல் விடை தம்பலகாமத்தில் இருக்கின்றது. எமது நகரிலிருந்து 15 மைல் அளவில், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்வெளியின் நடுவே ஆதிகோணநாயகர் கோயில் நிற்கின்றது. மலைக்கோயில் அழிவுற்றபோது அடியார்கள் காப்பாற்றிய திருவுருவங்கள் அங்கே எழுந்தருளுவிக்கப்பட்டன என்பது வரலாறு. கடற்கரை அந்நியர் கையிலிருந்தது. உட்புறம் கண்டி மன்னனின் ஆட்சியிலிருந்தது. ஆகவே மலையிலே செய்ய இயலாததை வயலிலே செய்தனர். கோயில் சிறியதாயிற்று; இடமும் மாறிற்று; ஆனால் பூசை நின்றுவிடவில்லை. இடித்தவன் கல்லை இடித்தான். கல்லைச் சுற்றியிருந்த முறையை அவனால் இடிக்க முடியவில்லை.

முறை என்று நாம் சொன்னது வெறும் அலங்காரச் சொல்லன்று. எமது ஊரிலே கோணேசர் கல்வெட்டு என்றொரு நூல் உண்டு. பெயர் கல்வெட்டு எனினும் அது கல்லில் வெட்டப்பட்டதன்று; கவிராச வரோதயன் என்பவர் பாட்டும் உரையுமாக இயற்றிய நூல். ஏட்டிலே பேணப்பட்டு வந்த இந்நூலை 1993இலே பண்டிதர் இ. வடிவேல் அவர்கள் பதிப்பித்தார்கள். அதிலே சொல்லப்படும் அரசர் கதைகளை அவ்வாறே வரலாறாகக் கொள்ளல் இயலாது. ஆயினும் அந்நூலின் உயிர்நிலை அரசர் கதையன்று. கோயிற் காரியம் ஒவ்வொன்றும் யாருடைய பொறுப்பு என்று வகுத்துரைப்பதே அதன் நோக்கம். தானத்தார் செய்யவேண்டியது யாது, வரிப்பத்தார் செய்யவேண்டியது யாது, வன்னிபம் செய்யவேண்டியது யாது என்று அது நிரல்படக் கூறும். பூவெடுத்தல், மாலை தொடுத்தல், நெற்குற்றல், விளக்கேற்றல், நிலம் மெழுகுதல் என்று சின்னஞ்சிறு வேலைகளையும் அது விட்டுவிடவில்லை. தொழும்பு என்னும் பழஞ்சொல் இவ்வேலைகளைக் குறிப்பது.

அரசன் ஒருவனின் புகழைப் பாடும் நூல்கள் தமிழிற் பல உண்டு. நிலம் மெழுகுபவரின் கடமையையும் எழுதி வைத்த நூல் எத்தனை? இந்நூலை முதன்முறை வாசிக்கும் இளைஞர் சலிப்படையக்கூடும். வீரமும் இல்லை, காதலும் இல்லை. பட்டியல் மேற் பட்டியல். ஆனால் அந்தச் சலிப்பூட்டும் பட்டியலே பதினொரு தலைமுறையைக் கடக்கும் ஓடமாயிற்று என்பது எமது துணிபு. "கோயிலைக் காப்போம்" என்று ஊரார் யாவரும் சேர்ந்து முழங்கினால், அம்முழக்கம் அன்றிரவே காற்றோடு போய்விடும். "வெள்ளிக்கிழமை விளக்குக்கு எண்ணெய் உன் வீட்டுப் பொறுப்பு" என்று சொன்னால் அது நிற்கும். ஏனெனில் எண்ணெய் வராவிட்டால் யாரைக் கேட்பது என்று எல்லாரும் அறிவர்.

மிஷன் பாடசாலையிலே கல்வி கற்ற எமக்கு இவ்விடத்திலே வேதாகமத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகின்றது. சிறைப்பட்டுப் போயிருந்த யூதர் எருசலேமுக்குத் திரும்பியபின் இடிந்த மதிலை நெகேமியா என்பவர் கட்டுவித்த கதை அது. அந்நூலின் மூன்றாம் அதிகாரம் முழுவதும் பெயர்களே. இன்னார் இந்த வாசலைக் கட்டினார், அவருக்கு அடுத்து இன்னார் கட்டினார், இன்னார் தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைக் கட்டினார் என்று அது சொல்லிக்கொண்டே போகும். பள்ளிப் பருவத்திலே அந்த அதிகாரம் வந்தால் எம்மிற் பலர் கொட்டாவி விட்டதுண்டு. இன்று கோணேசர் கல்வெட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, வெவ்வேறு நாட்டிலே, வெவ்வேறு சமயத்தாரிடையே, ஒரே உண்மை கண்டறியப்பட்டிருப்பதைக் காண்கின்றோம். பெருங்காரியம் நிலைபெற வேண்டுமாயின் அதனைச் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொன்றின்மேலும் ஒரு பெயரை எழுதிவிட வேண்டும்.

இவ்விடத்தில் நேர்மையோடு சொல்லவேண்டியது ஒன்று உண்டு. பழைய முறை பிறப்பை அடிப்படையாகக் கொண்டது. இன்ன குலத்தில் பிறந்தவனுக்கு இன்ன தொழும்பு என்று அது வகுத்தது. சிலருக்கு உயர்ந்த இடமும் சிலருக்குத் தாழ்ந்த இடமும் கொடுத்தது. அந்தப் பகுதியை நாம் இன்று கைக்கொள்ளல் ஆகாது. அதனைக் கைவிடுவதால் முன்னோரை அவமதித்தவர் ஆகோம். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு, அவ்வேலைக்கு அவரே பொறுப்பு என்னும் கருத்தே அம்முறையின் சாரம். அதனை எடுத்துக்கொண்டு, பிறப்பால் வந்ததை விருப்பத்தால் வருவதாக மாற்றிக்கொள்வதே இக்காலத்து வாலிபராகிய எமது கடமை. நெல்லை எடுத்து உமியை விடுவது போல்வது அது.

நிற்க. வினாவுக்கு இரண்டாம் விடை மலையுச்சியிலேயே இருக்கின்றது. 1845 முதல் 1850 வரை இலங்கையிலே குடியேற்ற நாட்டுக் காரியதரிசியாக இருந்த சேர் எமேர்சன் தெனென்ற் என்பவர், 1859இல் வெளியிட்ட தமது இலங்கை வரலாற்று நூலிலே சுவாமிமலையில் நிகழ்ந்த வழிபாடொன்றை விரிவாக எழுதியுள்ளார். பொழுது சாயும் வேளை. கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் பாறையின் கடைசி விளிம்பிலே பூசகர் நிற்கின்றார். பின்னே பாறைகளில் அடியார் கூட்டம். கோபுரம் இல்லை, மண்டபம் இல்லை, கருவறையும் இல்லை. பூவையும் காணிக்கைகளையும் பூசகர் கடலை நோக்கி இடுகின்றார். இறுதியிலே தீபத்தைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடிக்கின்றார். இது தெனென்ற் தரும் காட்சியின் சுருக்கம்.

கோயில் இடிந்து ஏறக்குறைய 230 ஆண்டுகள் கழிந்தபின் எழுதப்பட்டது இது. அந்தப் பூசகரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர் எந்த வீட்டிலிருந்து நடந்து வந்தார் என்பதையும் நாம் அறியோம். மழைநாளிலும், வாடைக்காற்று வீசும் மார்கழியிலும், பீரங்கிகளையும் காவற்காரரையும் கடந்து அந்தச் செங்குத்தான மலைக்கு ஏறியவர் அவரும், அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்களுமே. அவர்களுள் ஒருவராவது "எங்கள் காலத்திலே கோயில் எழும்பும்" என்று உறுதியாக நம்பியிருக்க முடியுமா? நம்பியிருந்தாலும் அவர்களுட் பலர் அதனைக் காணாமலே கண்மூடினர். பயனைக் காண்போம் என்ற நம்பிக்கையால் தொடர்ந்து செய்வது ஒன்று. பயனைக் காணமாட்டோம் என்று அறிந்தும் முறை தவறாது செய்வது மற்றொன்று. பின்னதே அரிது. எமது ஊர் அந்த அரிய செயலைச் செய்தவர்களின் ஊர்.

"இது வெறும் பழக்கமன்றோ? பொருள் மறந்து செய்யும் சடங்குக்கு என்ன மதிப்பு?" என்று கேட்போர் எம்மிடையே உண்டு, கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இக்கேள்வியை நாமே கேட்டும் இருக்கின்றோம். கேள்வி நியாயமானதே. பழக்கம் மட்டும் போதாது. ஆனால் பழக்கம் பாத்திரம் போன்றது. ஊக்கம் என்பது நீர். சில காலம் நிரம்பும், சில காலம் வற்றும். பாத்திரம் உடையாது இருந்தால் மறுபடி நீர் வரும்போது நிரப்பிக்கொள்ளலாம். வற்றிய காலத்திலே "நீரில்லையே" என்று பாத்திரத்தையும் எறிந்துவிட்டவனுக்கு, மழை பெய்தும் பயனில்லை.

எமது ஊருக்கு அந்த மழை 1950இலே பெய்தது. அவ்வாண்டிலே பட்டின சபைத் தொழிலாளர் கோட்டையை அடுத்த நிலத்திலே கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன் முதலிய அத்திருவுருவங்கள் அழிவுக்கு அஞ்சி முன்னோர் புதைத்தவை என்று கொள்ளப்பட்டன. டாக்டர் பாலேந்திரா அவர்கள் 1953இலே அவற்றைப் பற்றி எழுதி அறிஞருலகுக்கு அறிமுகஞ் செய்தார். 1956இலே மைக் வில்சன் என்பவரும் ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் அவர்களும் மலையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டனர். ஊரார் திரண்டனர், திருப்பணி நடந்தது. 1963 மார்ச்சு 3ஆம் நாள் மலையுச்சியிலே புதிய ஆலயத்திற்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

கிணறு வெட்டியவர் தற்செயலாகவே கண்டனர். கடலில் மூழ்கியவர் பிறநாட்டார். அவ்வாறாயின் கோயில் மீண்டதற்கும் முன்னோரின் தொடர்ந்த தொண்டுக்கும் தொடர்பு என்ன என்று ஒருவர் கேட்கலாம். அதற்குப் பொலன்னறுவை விடைசொல்லும். சோழர் காலத்திலே சனநாதமங்கலம் என்று பெயர்பெற்ற அந்நகரிலும் சிவாலயங்கள் இருந்தன. அங்கும் 1907, 1908ஆம் ஆண்டுகளிலும், பின்னர் 1960இலும் அழகிய செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டன. நடராசர், சிவகாமி, அடியார்கள் என்று அவற்றின் கலைநயத்தை உலகம் போற்றுகின்றது. அவை இன்று அருங்காட்சியகத்திலே கண்ணாடிக்கு அப்பால் நிற்கின்றன. நன்றாகப் பாதுகாக்கப்படுகின்றன; அறிஞர்கள் வந்து பார்க்கின்றனர். ஆனால் அவற்றிற்கு விளக்கேற்ற ஒருவரும் இல்லை. ஏனெனில் அத்திருமேனிகள் வெளிப்பட்ட நாளிலே, "இவர் எங்கள் ஊர்ச் சுவாமி, இவருக்குரிய இடம் அது" என்று சொல்ல அவ்வூரிலே வழிவழி வந்த அடியார் கூட்டம் இருக்கவில்லை.

கோணமலையிலே இருந்தது. வேறுபாடு அது ஒன்றே. மண்ணிலிருந்து வந்தது இரண்டு ஊரிலும் செம்பும் பொன்னுமே. அதனைத் தெய்வமாக வரவேற்க ஆயத்தமாய் நின்ற மக்கள் ஓரூரில் இருந்தனர், மற்றையதில் இல்லை. தற்செயல் எங்கும் நிகழும். அத்தற்செயலைப் பயன்படுத்திக்கொள்ள ஆயத்தமாய் இருப்பவர், நெடுங்காலம் ஒன்றும் நிகழாதபோதும் நின்ற இடத்தை விட்டு நகராதவரே.

இதே உண்மையை மேற்குக் கரையிலும் காணலாம். மாதோட்டத்துத் திருக்கேதீச்சரமும் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டது. அங்கே இடமே காடு மூடிப் போயிற்று. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஆறுமுக நாவலர் அவர்கள், 1872இலே திருக்கேதீச்சரத்தை மீட்க வேண்டுமென்று சைவ மக்களுக்கு விண்ணப்பஞ் செய்தார்கள். 1879இலே நாவலர் அவர்கள் மறைந்தபோது அங்கே கோயில் இல்லை. நிலமும் சைவர் கையில் இல்லை. அவர்கள் மறைந்து 14 ஆண்டுகளின் பின்னர், 1893இலேயே நிலம் வாங்கப்பட்டது. பெருந்திருப்பணி நிறைவெய்திக் குடமுழுக்கு நிகழ்ந்தது 1976இலே. விண்ணப்பத்திற்கும் குடமுழுக்குக்கும் இடையே 104 ஆண்டுகள். தம் வாழ்நாளோடு முடிந்துபோகும் காரியத்தை மட்டும் நாவலர் எண்ணியிருந்தால் அந்த விண்ணப்பம் எழுதப்பட்டிராது. பின்வந்தவர்கள் அதனை நாவலருடைய காரியம் என்று எண்ணித் தம் கையில் எடாது விட்டிருந்தால் அது நிறைவேறியிராது.

இனி, ஓரிடத்திலேயே இருந்து ஒரே வேலையைச் செய்பவர் மட்டுமே உறுதியுடையவர் என்று எண்ணிவிடலாகாது. இவ்வெண்ணம் எமது தலைமுறைக்குப் பெரிய இடர். படிப்புக்காகப் பேராதனைக்கும் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகின்றோம். தொழிலுக்காகக் கடல் கடந்தும் போகின்றோம். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரின் காலத்திலே எமது மாவட்டத்தார் எத்தனையோ பேர் உயிர்க்கு அஞ்சி ஊரைவிட்டுச் சென்றனர். இலண்டனிலும் தொறன்றோவிலும் வாழும் அவர்களின் பிள்ளைகள் சிலர் கோணமலையைப் படத்திலே மட்டும் கண்டவர்கள். போனவரெல்லாம் கைவிட்டவர் என்று சொன்னால் அது கொடுமை. போர்க்காலத்திலே காவற் சாவடிகளைக் கடந்து மலைக்கு ஏறியவர்களும், ஊரை விட்டு ஓட நேர்ந்தவர்களும் ஒரே மக்களே.

சுவாமி விபுலாநந்தரின் வாழ்க்கை இவ்விடத்திலே எமக்கு வழிகாட்டும். 1892இலே காரைதீவிற் பிறந்த அவர், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றவர். அவரும் எம்மைப் போல மிஷன் பாடசாலையில் வளர்ந்தவரே. விஞ்ஞானத்திலே இலண்டன் பட்டம் பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதருமானார். 1924இலே துறவு பூண்டு, அடுத்த ஆண்டு ஈழம் மீண்டு இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்த்தார். எமது திருக்கோணமலை இந்துக் கல்லூரியிலே அதிபராகவும் சில காலம் இருந்தார். 1931இலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியரானார். பின்னர் இமயமலைச் சாரலிலே மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து பத்திரிகை நடத்தினார். 1943இலே இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். இடத்தைப் பார்த்தால் அவர் ஓரிடத்தில் நிலைத்தவரல்லர். ஆனால் எங்கே சென்றாலும் ஒரு வேலையை அவர் தம்மோடு எடுத்துச் சென்றார். மறைந்துபோன பழந்தமிழ் யாழை ஆராயும் வேலை அது. கணிதமும் பௌதிகமும் இசையும் இலக்கியமும் அவ்வாராய்ச்சிக்கு உதவின. அதன் பயனாகிய யாழ்நூல் 1947 யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் சுவாமிகள் மறைந்தார்கள். இடம் மாறிற்று, பதவி மாறிற்று, நோக்கம் மாறவில்லை. தம்பலகாமத்து வயலிலே முன்னோர் செய்ததும் இதுவேயன்றோ?

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கும்போது, உறுதியான தொண்டுக்குரிய இயல்புகள் மூன்று புலனாகின்றன. முதலாவது, வேலை சிறிதாகவும் தெளிவாகவும் இருத்தல். இரண்டாவது, அதன்மேல் ஒருவரின் பெயர் இருத்தல். மூன்றாவது, அவர் போகும்போது அது மற்றொருவரிடம் ஒப்படைக்கப்படுதல். முன்னோருக்கு மூன்றாவது பிறப்பினாலே தானாகக் கிடைத்தது. தந்தைக்குப் பின் மகன் வந்தான். எமக்கு அது தானாகக் கிடையாது. ஆகவே நாம் முயன்று செய்யவேண்டியது அதுவே. ஒரு சங்கம் இறப்பது அங்கத்தவர் ஊரைவிட்டுப் போவதனாலன்று. போகின்றவர் தம் கையிலிருந்ததை யாரிடமும் கொடாமற் போவதனாலேயே.

ஆகையால் எமது சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். அடுத்த ஆண்டுக்குப் பெருந்திட்டங்கள் வகுக்குமுன் ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியை எடுப்போம். சங்கத்திலே வாரந்தோறும் நடக்கவேண்டிய வேலைகளை அதில் எழுதுவோம். ஞாயிறு காலைச் சமயபாட வகுப்புக்குக் கதவு திறப்பவர் யார். வாசிகசாலைப் பத்திரிகைகளை அடுக்கி வைப்பவர் யார். முதியவர் ஒருவர் நோயுற்றால் சென்று பார்ப்பவர் யார். திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப்பந்தலுக்குக் குடம் தேடுபவர் யார். ஊர்ப் பெரியோரிடமுள்ள பழைய ஏடுகளையும் படங்களையும் கேட்டுக் குறித்துக்கொள்பவர் யார்? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரை எழுதுவோம். அண்ணனாயினும் தங்கையாயினும், எத்தெருவினராயினும், விரும்பி ஏற்பவர் பெயரே எழுதப்படுக. பெயருக்குப் பக்கத்திலே இன்னொரு நிரல் வெறுமையாக இருக்கட்டும். பல்கலைக்கழகத்துக்கோ, தொழிலுக்கோ, மணமாகி வேற்றூருக்கோ போகின்றவர் அந்த நிரலிலே அடுத்தவரின் பெயரை எழுதி, அவருக்கு வேலையையும் பழக்கிவிட்டுப் போகட்டும்.

இதைப் பார்த்துச் சிலர் நகைக்கக்கூடும். நூறு பக்கக் கொப்பியா சமூகத்தைக் காக்கும் என்று கேட்கக்கூடும். விளக்குக்கு எண்ணெய் யார், நிலம் மெழுகுபவர் யார் என்று ஏட்டிலே எழுதி வைத்தவரைப் பார்த்தும் அக்காலத்தில் யாரோ நகைத்திருப்பர். கோட்டை கட்டியவர்கள் போயினர். கொடி நாட்டியவர்களும் போயினர். இன்று மாலையும் கோணேசர் மலையிலே மணி ஒலிக்கும். வரும் ஞாயிறு காலையிலே எமது சங்க மண்டபத்துக் கதவைத் திறக்கவேண்டியவர் யார் என்பதை, இம்மலரை மூடிவைக்குமுன் அன்பர்கள் ஒருமுறை விசாரித்துக்கொள்வார்களாக.